கொடுவாவுக்கு வேண்டிய கோலும் நரம்பும்

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி இன்று யார் பேசத் தொடங்கினாலும், அனல் மின் நிலையத்துச் சாம்பலும், 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதனால் கரையெல்லாம் படிந்த எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து கொசஸ்தலை ஆற்றில் இறங்கிய எண்ணெயுமே முதலில் நினைவுக்கு வருகின்றன, அது நியாயந்தான். ஆயினும், இத்தனை உபத்திரவங்களுக்கு இடையிலும் ஏற்றமும் வற்றமும் அந்த முகத்துவாரத்தில் நாள்தோறும் இருமுறை நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஏற்றத்தோடு மடவைக் குஞ்சுகளும் இறாலும் உள்ளே வருகின்றன. அவற்றைத் தின்பதற்காகக் கொடுவா பின்னாலேயே வருகிறது. மற்றவர்கள் மறந்தாலும் தூண்டிற்காரர்கள் இதை மறப்பதில்லை.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, கடலரிப்பைத் தடுக்கும் பொருட்டு நீருக்குள் நீட்டிப் போடப்பட்டிருக்கும் தூண்டில் வளைவுகளின் கருங்கற்கள்மேல் மாலை வேளையில் இரண்டு விதமான தூண்டிற்காரர்களைக் காணலாம். ஒருவர், பிளாஸ்டிக் பாட்டிலில் தங்கூசி நரம்பைச் சுற்றி வைத்து, ஈயக்கட்டியைச் சுழற்றி எறிந்து, நரம்பை ஆட்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் குப்பத்துப் பெரியவர். மற்றவர், கரிய கார்பன் கோலும் பளபளக்கும் ரீலும் பெட்டி நிறையப் பொய்யிரைகளும் கொண்டுவரும் இளைஞர். பின்னவரிடம் சாமக்கிரியைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் கோலை நண்பர் சொன்னதற்காகவும், ரீலை விலை இறங்கியிருந்ததற்காகவும், நரம்பைக் கடைக்காரர் கையில் திணித்ததற்காகவும் வாங்கியிருப்பார் ஆகையால், அவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இராது. கோலில் தொடங்கி நரம்பில் முடிப்பதே வாங்குவோரின் வழக்கம். என் அபிப்பிராயத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மீனின் வாயில் தொடங்கிக் கைப்பிடியில் முடிக்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் கோல்களிலும் ரீல்களிலும் ஒரு பெரும்பகுதி, அமெரிக்க ஏரிகளில் வாழும் 'பாஸ்' என்ற நன்னீர் மீனை உத்தேசித்து உருவானது. ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற அமெரிக்க மருத்துவர் அம்மீனுக்கென்றே 1881-இல் ஒரு தனி நூல் எழுதினார்; அதன் பின் அங்கே அது பந்தயமாகவும் பெருந்தொழிலாகவும் வளர்ந்துவிட்டது. நம் கொடுவாவையும் ஆங்கிலத்தில் 'சீபாஸ்' என்று சொல்வதனால் இரண்டும் நெருங்கிய உறவு என்று எண்ணிவிடலாகாது, குடும்பமே வேறு. 1790-இல் பிளாக் என்ற ஜெர்மானியர் சாஸ்திரப் பெயரிட்ட இம்மீனை வங்காளிகள் பேட்கி என்றும், ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்றும் கொண்டாடுகிறார்கள். கடலிலும் கழியிலும் ஆற்றிலும் ஒருங்கே வாழவல்லது. பெரும்பாலும் ஆணாகவே வளர்ந்து, சில வருஷங்கள் கழிந்து பெண்ணாக மாறும் விசித்திர ஸ்வபாவமும் இதற்கு உண்டு. ஆகவே ஒரு மீட்டரைத் தாண்டிய கொடுவா கிடைத்தால் அது முட்டையிடும் தாயாகவே இருக்கும் என்று கொண்டு, படம் பிடித்துக்கொண்டு நீரில் விட்டுவிடுவதே உத்தமம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இம்மீனைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்ததை, இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

தூண்டிற்காரர் கவனிக்க வேண்டிய லக்ஷணங்கள் மூன்று. அதன் வாயில் கோரைப்பற்கள் கிடையா. அரத்தைப்போலச் சொரசொரப்பான நுண்பற்களின் பட்டைகளே உண்டு. செவுள் மூடியின் ஓரமோ கத்தி. முள்ளைக் கழற்றும் அவசரத்தில் அங்கே விரலை வைத்தவர் மறுமுறை வைக்கமாட்டார். மூன்றாவது, முள் தைத்ததும் அது நேரே ஓடுவது, பாலத்தின் தூணோ கற்குவியலோ எது பக்கத்தில் இருக்கிறதோ அதன் நிழலுக்குள். போகும் வழியில் நீரைவிட்டு எழும்பித் தலையை உதறும் வழக்கமும் உண்டு. கோல், ரீல், நரம்பு ஆகிய மூன்றின் தேர்வும் இந்த மூன்றிலிருந்தே பிறக்கிறது.

முள்ளை ஒட்டி வரும் முதல் ஒன்றரை மீட்டரை லீடர் என்பார்கள். அந்த வாயும் அந்தச் செவுளும் உரசுவது இதன்மேல்தான்; ஆகையால் 40 முதல் 60 பவுண்டு வரை தாங்கும் தடித்த நரம்பு இங்கே வேண்டும். இதற்கென்று புளூரோகார்பன் என்ற நரம்பை நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஒளி அதனுள் வளையும் அளவு நீரில் வளையும் அளவுக்கு நைலானைக் காட்டிலும் கிட்டியிருப்பதனால், மீன் கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது என்பது அதன் புகழ். பளிங்கு போன்ற நீருள்ள தேசங்களில் இது மெய்யாகவே பிரயோஜனமுள்ள குணம். கொசஸ்தலையின் கலங்கல் நீரில், முழங்கை ஆழத்துக்குக் கீழ் நம் கையே நமக்குத் தெரியாத இடத்தில், மறைவுக்காகப் பணம் கொடுப்பது வீண். உராய்வைத் தாங்கும் கடினத்துக்காக வேண்டுமானால் வாங்கலாம். அல்லது நல்ல தடித்த நைலானே போதும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் லீடரை நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாகத் தட்டுப்படும் பகுதியை வெட்டி எறிந்து மறுபடி முடிச்சிடுவதுதான் முக்கியம். எந்த விலை நரம்பும் இந்தச் சோம்பலை மன்னிப்பதில்லை.

ரீலில் சுற்றும் பிரதான நரம்பு நைலானாக இருக்கலாம்; பிரெய்டு எனப்படும் பின்னல் நரம்பாகவும் இருக்கலாம். 1930-களின் இறுதியில் டூபாண்ட் கம்பெனி உலகுக்கு அறிமுகப்படுத்திய நைலான் மலிவானது, கல்லில் உரசினாலும் ஓரளவு பொறுக்கும், இழுத்தால் அறுவதற்குமுன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக நீளும். மீன் திடீரென்று உதறும்போது இந்த நெகிழ்ச்சி ஒரு பாதுகாப்பு. ஆனால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் மீன் இரையைக் கவ்வும்போது, நாம் வெட்டி இழுக்கும் விசையெல்லாம் நரம்பை நீட்டுவதிலேயே செலவாகி, முள் தைக்காமல் போவதும் இதனால்தான். பின்னல் நரம்போ வலிமை மிக்க பாலிஎதிலீன் இழைகளால் ஆனது. கிட்டத்தட்ட நீள்வதே இல்லை. 30 பவுண்டு தாங்கும் பின்னல், அதே வலிமையுள்ள நைலானில் ஏறத்தாழப் பாதிக் கனமே இருக்கும். ஆகவே தூரம் போகும், காற்றும் நீரோட்டமும் அதை அதிகம் இழுக்கா. அதன் பலவீனம் ஒன்றே ஒன்று. விறைத்திருக்கும் நிலையில் சிப்பி ஒட்டிய கல்லில் பட்டால், கத்திரித்ததுபோல் அறும். தூண்டில் வளைவின் கற்களில் சிப்பி ஒட்டாத கல் அபூர்வம்.

ஆகவே கற்கள்மேல் நின்று, உயிர் இறாலை மிதவைக்குக் கீழே தொங்கவிட்டுப் பிடிப்பவர் நைலானோடு திருப்தியடைவது விவேகம். முகத்துவாரத்தில் படகிலிருந்தோ மணற்கரையிலிருந்தோ பொய்யிரையை எறிந்து இழுப்பவர் பின்னலை நாடுவது விவேகம். பின்னலைத் தேர்ந்தவர், ரீலின் வழுவழுப்பான உலோகத்தின்மேல் அதை நேரே சுற்றிவிடாமல், அடியில் சில மீட்டர் நைலானைச் சுற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பெரிய மீன் இழுக்கையில் நரம்புச் சுருள் முழுவதும் உருளைமேல் வழுக்கிச் சுழலும். இதை அறியாதவர்கள், நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் என்ற தடை கெட்டுவிட்டதென்று ரீலைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவார்கள்.

ரீல் வகைகளில் நம்மவரிடையே அதிகம் புழங்குவது ஸ்பின்னிங் ரீல். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரத்து நெசவாலை முதலாளி ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் ஊடைநூல் கண்டின் முனைவழியாக நழுவி வருவதைக் கண்டே அவருக்கு இந்த யுக்தி தோன்றிற்று என்பார்கள். பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை பார்த்த தலைமுறைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை: உருளை சுழலாமல் நிற்கிறது, நரம்பு மட்டும் விளிம்பு வழியாக வழிந்து ஓடுகிறது. இலேசான இரையையும் இதனால் எறிய முடிகிறது. நரம்பை விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி நிரப்புவதும், எறிந்தபின் கம்பி வளையத்தைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மடக்குவதும் ஆகிய இரண்டு பழக்கங்கள் இருந்தால், நரம்பில் முறுக்கேறிச் சிக்குப் பிடிப்பது வெகுவாகக் குறையும்.

மற்றொரு வகையான பெயிட்காஸ்டரில், எறியும்போது உருளையே சுழல்கிறது. கனத்த இரையைக் குறிபார்த்து, பாலத்தூணுக்கு ஒரு முழம் பக்கத்தில் இறக்க இதைப்போல் வேறொன்று இல்லை; இரை வேகம் குறைந்தபின்னும் உருளை தன் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து சிக்கெடுக்க வைப்பதிலும் இதைப்போல் வேறொன்று இல்லை. இதைச் சீர்செய்யும் முறை எளிது. இரையைக் கட்டிக் கோலைக் கிடைமட்டமாகப் பிடித்து, பொத்தானை அழுத்தி இரையை இறங்கவிட வேண்டும். அது மெல்ல இறங்கித் தரையைத் தொட்ட அக்கணமே உருளையும் நின்றுவிடும் அளவுக்குப் பக்கத்துத் திருகை இறுக்க வேண்டும். இரை மாறினால் எடை மாறும். எடை மாறினால் இந்தப் பரீட்சையை மறுபடி செய்தே தீர வேண்டும். பின்பு காந்தத் தடையையோ மையவிலக்குத் தடையையோ காற்றுக்கேற்ப வைக்க வேண்டும். நம் கரை கிழக்கு நோக்கியது; பிற்பகலில் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது; எறிந்த இரை அந்தக் காற்றில் சட்டென்று வேகம் இழக்கிறது. அப்போது தடை அதிகம் வேண்டும். விடியற்காலையில் நிலக்காற்று முதுகுப்புறம் வீசும்; அதே ரீலில் அதே இரைக்குத் தடையைப் பாதியாகத் தளர்த்தினாலும் குற்றமில்லை. மாலையில் வைத்த அளவைக் காலையில் மாற்றாமல், தூரம் போகவில்லையே என்று கோலை நொந்துகொள்கிறவர்கள் உண்டு.

டிராக் என்பது, மீன் குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் உராய்வுத் தடை. பெரியவர்களில் ஒருவர் இளைஞர் ஒருவருடைய ரீலிலிருந்து நரம்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, இவ்ளோ டைட்டா வச்சிகினு கீறே? மீனு ஓடணுமா வேணாவா?" என்று கேட்டதை நான் அருகிருந்து கேட்டிருக்கிறேன். "லூசா விட்டா கல்லுக்குள்ள பூந்துடும்ணே" என்றார் அவர். இரண்டும் நியாயமான கட்சி. தீர்ப்பைத் தராசுதான் சொல்ல வேண்டும். கோலைச் சற்று வளையும்படி உயர்த்திப் பிடித்து, நரம்பின் நுனியைச் சுருள்வில் தராசில் மாட்டி இழுத்தால், நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் நழுவத் தொடங்க வேண்டும். 30 பவுண்டு என்பது ஏறத்தாழ 13.6 கிலோ, ஆகவே மூன்றரைக் கிலோவிலிருந்து நாலரைக் கிலோ வரை. வெறுங்கையால் நரம்பை இழுத்துப் பார்த்து மதிப்பிடுவோர் பெரும்பாலும் இதன் பாதியைக்கூட எட்டுவதில்லை, அல்லது வெகுவாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னுமொரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. மீன் ஓட ஓட உருளையில் நரம்பு குறைகிறது. சுருளின் விட்டம் சிறுக்கிறது. டிராகின் உராய்வு மாறாமலிருந்தும், விட்டம் பாதியாகும்போது நரம்பின்மேல் விழும் விசை இரட்டிப்பாகிவிடும். மீன் தொலைவில் ஓடியபின் திருகை இறுக்கும் இயல்பான ஆவேசம், ஆகவே, நேர்மாறான காரியம். அந்தப் பெரியவரின் விரலுக்கு இது தராசில்லாமலே தெரியும். யந்திரத்துக்கு நாம்தான் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.

கோலுக்கு இப்போது வருவோம். சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றிய தம் நூலை 1873-இல் வெளியிட்ட காலத்தில், கோல் என்றால் மரமும் மூங்கிலுந்தான். இன்று கண்ணாடி இழையும் கார்பன் இழையும். கண்ணாடி இழை கனமானது, முரட்டுக் கையையும் கல்லில் விழுவதையும் பொறுக்கும். கார்பன் இலேசானது, இறால் துள்ளுவதைக்கூடக் கைக்குச் சொல்லும், ஆனால் பக்கவாட்டில் கல்லில் மோதினால் பிளக்கும். கைப்பிடிக்கு மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் அலங்காரத்துக்காக அல்ல: எத்தனை கிராம் இரை, எத்தனை பவுண்டு நரம்பு என்பதை அவை சொல்கின்றன. நாம் நரம்பையும் இரையையும் முன்பே தீர்மானித்துவிட்டபடியால், கோல் தானாகவே தேர்வாகிவிடுகிறது. பின்னல் நரம்பு நீளாது ஆகையால், நுனி சற்றே குழைந்து கொடுக்கும் கோலை அதற்கு இணையாக்க வேண்டும். இல்லையேல் கொடுவா தலையை உதறும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். படகில் ஏழடிக்கு உட்பட்டது சௌகரியம். தூண்டில் வளைவில் எட்டு, ஒன்பது அடி இருந்தால் நரம்பைக் கற்களுக்கு மேலாகத் தூக்கிப் பிடிக்கலாம். நரம்பு ஓடும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பார்ப்பது நல்லது. கீறல் இருந்தால் பஞ்சு இழை சிக்கும், அந்தக் கீறல்தான் புது நரம்பை மூன்றாம் நாளே அறுக்கும்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை எண்ணூரில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அனல் மின் நிலையங்களிலிருந்து புறப்படும் உயர் அழுத்தக் கம்பிகள் கழியைக் கடந்து போகின்றன. ஈரமான ஒன்பதடிக் கார்பன் கோலை அவற்றின் அடியில் தலைக்குமேல் வீசுவது மதியீனம், இடி மின்னல் நேரத்தில் கரையில் ஏந்தி நிற்பதும் அப்படியே.

உப்பும் ஆலைப் புகையும் கலந்த இந்தப் பகுதிக் காற்று ரீலை வெகு சீக்கிரம் தின்றுவிடும். வீடு திரும்பிய இரவிலேயே, டிராகை இறுக்கி மூடி, குழாயைப் பீய்ச்சாமல் மெல்லிய தாரையாக நன்னீர் விட்டு அலம்பி, துடைத்து உலர்த்தி, பின்பு டிராகை முற்றிலும் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியபடியே கிடந்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் அமுங்கி, அடுத்த முறை வழவழப்பாக நழுவாமல் குதித்துக் குதித்து நழுவும். வெட்டிய நரம்புத் துண்டுகளைக் கரையில் போடாமல் பையில் எடுத்து வரவேண்டும். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் விரல்களில் அவைதாம் சுற்றிக்கொள்கின்றன.