எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸா?

கேமரா வாங்கிய சில மாதங்களிலேயே அடுத்த லென்ஸ் மீது ஆசை வந்துவிடும். கடையில் கேட்டால், 18-300 மி.மீ. போன்ற நெடிய ஜூம் ஒன்றை எடுத்து வைப்பார்கள். ‘குரூப் போட்டோவும் இதிலேயே, பறவையும் இதிலேயே’ என்ற பேச்சு யாரையும் மயக்கும். ஆனால், லென்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைவிட நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு: நமக்குப் பிடித்த காட்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அங்கே வெளிச்சம் எவ்வளவு? இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தூரத்துக்கு வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். நாம் கரையில்தான் நிற்க முடியும். பறவைகளோ ஏரிக்குள் நிற்கும் மரங்களில். மஞ்சள் மூக்கு நாரையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அது 60 மீட்டர் தள்ளி நின்றால், 300 மி.மீ. லென்ஸ் வழியே சென்சாரில் விழும் அதன் உருவம் 5 மி.மீ. உயரம் இருக்கும். ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ.; ஆக, ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்கை நாரை பிடித்துக்கொள்ளும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் அதே நாரை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அதைக் கணினியில் வெட்டிப் பெரிதாக்கினால் இறகின் விவரம் கிடைக்காது. பறவைப் பிரியர்கள் 400, 600 மி.மீ. என்று போவது இதனால்தான். நல்ல வெயில் இருப்பதால், அப்பர்ச்சர் எஃப்/6.3 ஆக இருந்தாலும் அங்கே குறையில்லை.

மார்கழியில் சபாவில் நடக்கும் பரதநாட்டியத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். தூரம் பத்து மீட்டர்தான், 85 மி.மீ. லென்ஸைப் பொருத்திக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஆடுபவரின் முழு உருவமும் அடங்கும். தட்டுப்பாடு வெளிச்சத்துக்குத்தான். ஃப்ளாஷ் போட்டால் ஆடுபவருக்கும் ரசிகர்களுக்கும் இடைஞ்சல். எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8 ஒன்பது மடங்குக்கும் கூடுதலான ஒளியை உள்ளே விடும். முன்னதில் ஐஎஸ்ஓ 6400 தேவைப்படும் அதே காட்சியை, அதே ஷட்டர் வேகத்தில், பின்னதில் 800-க்கும் குறைவாக வைத்தே எடுத்துவிடலாம்.

‘இப்போதுதான் லென்ஸிலேயே அதிர்வுத் தடுப்பு வந்துவிட்டதே’ என்று கேட்கலாம். அது தடுப்பது நம் கை நடுக்கத்தை. தட்டடவில் இறங்கும் பாதத்தை அது நிறுத்தாது. அதற்கு 1/250 நொடி போன்ற ஷட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு ஒளி வேண்டும். ‘படத்தின் இரைச்சலை மென்பொருள் துடைத்துவிடாதா?’ என்பது அடுத்த கேள்வி. ஓரளவு துடைக்கும், உண்மைதான். ஆனால், பட்டுப்புடவையின் ஜரிகை போன்ற நுண்ணிய விவரத்தையும் சேர்த்து மழுங்கடித்துவிடும் அபாயம் உண்டு.

வலுவான எதிர்வாதம் செலவும் சுமையும்தான். வெளியூர்ப் பயணத்தில் தூசிக்கு நடுவே லென்ஸ் மாற்ற முடியாதவர்களுக்கு அந்த நெடிய ஜூம் நியாயமான தேர்வே. ஆனால், செலவு என்ற காரணம் முழுவதும் சரியல்ல. 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸ், முன்னணி நிறுவனங்கள் பலவற்றில் மிக மலிவான லென்ஸ்களுள் ஒன்று. ஏபிஎஸ்-சி கேமராவில் அதன் பார்வை ஏறக்குறைய 75 மி.மீ. அளவுக்குக் குறுகுவதால், முகங்களை எடுக்கப் பொருந்தும். வீட்டு அறைக்குள் எடுப்பவர்களுக்கு 35 மி.மீ. வசதி. பறவைக்கான பெரிய லென்ஸ்தான் உண்மையில் விலை கூடியது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் ஏரிக்கரைக்குப் போகிறவர் அதை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு படத்தையும் எந்தக் குவியத் தூரத்தில், எந்த ஐஎஸ்ஓவில் எடுத்தோம் என்பது அந்தக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைத் திறந்து அந்த எண்களைப் பாருங்கள். பெரும்பாலானவை 55-லேயே முட்டி நின்றால் நீளமான லென்ஸ் தேவை. ஐஎஸ்ஓ எப்போதும் உச்சத்தில் இருந்தால் ஒளி கூடிய லென்ஸ் தேவை. இரண்டும் இல்லையென்றால், இப்போதைக்குப் புது லென்ஸ் எதுவும் வாங்காதீர்கள்.