சரித்திரப் பட்டத்தின் கடைசிப் பரீக்ஷை

சரித்திரம் பயின்று பட்டம் பெறும் மாணாக்கன் மூன்று வருஷங்களின் முடிவில் எதைச் செய்து காட்ட வேண்டும்? பிறர் எழுதியதைப் படித்து ஒப்புவித்தால் போதுமா? அன்றி, தானே ஒரு மூல ஆதாரத்தை எடுத்து ஆராய்ந்து, கண்ட உண்மையைத் தன் சொற்களில் எழுதி, கேட்பவர்க்கு விடையும் சொல்ல வேண்டுமா? கலாசாலைகளின் பாடத்திட்டக் குழுக்கள் கூடும்போதெல்லாம் இவ்வினா எழுகின்றது. இறுதி வருஷத்து ஆய்வுரையை வைத்துக்கொள்வதா, குறைப்பதா, எடுத்தே விடுவதா என்று ஆசிரியர்களே இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். பொதுமக்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. நாளை மேடையேறிச் சரித்திரத்தின் பெயரால் பேசப்போகிறவர்கள் எப்படிப் பயிற்றப்படுகிறார்கள் என்பது, அப்பேச்சைக் கேட்கப்போகும் நம் ஒவ்வொருவருடைய காரியமுமாகும்.

விதிகள் என்ன சொல்லுகின்றன என்பதை முதலில் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வெளியிட்ட பாடத்திட்ட வரையறை, நான்கு வருஷப் படிப்பின் கடைசி வருஷத்தில் ஆய்வேட்டுக்கென 12 மதிப்பலகுகளை ஒதுக்குகிறது. ஆனால் முதல் ஆறு பருவங்களில் 75 சதவிகிதமோ அதற்கு மேலோ வாங்கியவனுக்கே அக்கதவு திறக்கும். தமிழ்நாட்டு அரசாங்கம் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. இங்கே மூன்று வருஷப் பட்டமே வழக்கத்தில் இருக்கிறது. மாநில உயர்கல்வி மன்றம் வகுத்த மாதிரிப் பாடத்திட்டம், ஐந்தாம் பருவத்தில் ஒரு பாடத்தின் இடத்தை வாய்மொழித் தேர்வுடன் கூடிய ஆய்வுக்கு விடலாம் என்று வழி வைத்தது. தன்னாட்சி பெற்ற கலாசாலைகள் இவற்றைத் தம் நிலைமைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் அதிகாரமுடையவை. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலை 1978-ஆம் வருஷத்திலேயே தன்னாட்சி பெற்றது. ஆகவே, தன்னாட்சிக் கலாசாலை எதுவும் மேலிடத்து உத்தரவைக் காட்டிக் கையை விரிப்பதற்கு இடமில்லை. வைப்பதும் எடுப்பதும் அந்தந்தக் குழுவின் பொறுப்பே.

ஆய்வுரைக்கு எதிராக ஆசிரியர்கள் கூறும் குறைகள் பொய்யல்ல. 'இந்திய சுதந்திரப் போராட்டத்தில் பெண்களின் பங்கு' என்பது போன்றதொரு தலைப்பு, ஐம்பது பக்கம், ஐந்து மாணாக்கர் கூடி எழுதியதாக முதற்பக்கத்தில் ஐந்து பெயர்கள். உள்ளே இருப்பதோ நான்கு புத்தகங்களிலிருந்து பெயர்த்து வைத்த பத்திகள். ரெயில்வே ஸ்டேஷனை அடுத்த நகல் கடையில் சுருள் கம்பி போட்டுக் கட்டியவுடன் அது 'ஆராய்ச்சி' ஆகிவிடுகிறது. இப்போது அந்தப் பெயர்த்தெழுதும் சிரமமும் போயிற்று. செயற்கை நுண்ணறிவு என்னும் இயந்திரத்தினிடம் தலைப்பைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் அடிக்குறிப்புகளோடு கட்டுரை வந்து விழுகின்றது. அவ்வடிக்குறிப்புகளில் சில, உலகத்தில் எங்கும் இல்லாத புத்தகங்களைக் குறிப்பனவாயும் இருக்கும்! ஒரு வகுப்பின் ஆய்வுரைகள் அனைத்தும் இரண்டொரு ஆசிரியர் தலையில் விழும்போது அவர் எதைப் படிப்பார், எதைத் திருத்துவார்?

இக்குறைகளுக்குச் சொல்லப்படும் பரிகாரங்கள் மூன்று. ஆய்வுரையை நீக்கி மற்றுமொரு எழுத்துப் பரீக்ஷை வைப்பது ஒன்று. ஏதேனும் ஒரு காரியாலயத்தில் ஒரு மாதம் வேலை பழகிவிட்டு வரச் சொல்வது மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னது சுமையை இடம் மாற்றுகிறது, பின்னது நல்லதேயாயினும் சரித்திரமன்று. மூன்றாவது பரிகாரமே கவனித்தற்குரியது. அது நியாயம் போலத் தோன்றுவதனால் அபாயமானதுமாகும். மதிப்பெண் மிகுந்தவர்க்கு மட்டும் ஆய்வு, மற்றவர்க்குப் பாடம் என்பது அது.

யார் அந்த மதிப்பெண் மிகுந்தவர்? செங்கற்பட்டிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் விடியுமுன் மின்சார ரெயிலேறி வந்து, மாலையில் கடையிலோ உணவு கொண்டு கொடுக்கும் வேலையிலோ நின்று, இரவில் வீடு திரும்பும் பையன், ஆறு பருவங்களிலும் 75 சதவிகிதம் எடுத்தல் எளிதன்று. அவன் வீட்டில் பட்டம் பெறுவது அவனே முதலாவனாக இருக்கலாம். மனனம் செய்ய நேரமில்லாத அவனுக்குக் கண்ணும் காதும் கூர்மையாக இருத்தல் கூடும். தன் ஊர் ஏரி எப்போது சுருங்கியது, அதன் மதகை யார் கட்டினார், எந்தத் தெருவார்க்கு அதில் நீர் எடுக்க உரிமையில்லாமலிருந்தது என்பவற்றை அவனைப்போல் விசாரித்தறிய வல்லவர் யார்? மனனத்தில் தேறியவனுக்கே ஆய்வு என்று விதிப்பது, நீந்தத் தெரிந்தவனுக்கே ஆற்றில் இறங்க உத்தரவு கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு இதில் வேறொரு எண்ணமும் உண்டு. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியோடு மறைந்து, அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. ஆயினும் மூலப் பத்திரம் வேறு, அதன் நகல் வேறு என்ற பேதம் மாறவில்லை. செவிவழிச் செய்தி பொதுவாகச் சாட்சியமாகாது என்ற விதியும் மாறவில்லை. பத்து ரூபாய்க் கடனுக்கு இத்தனை கண்டிப்பு. ஒரு ஜாதியின் பூர்விகம், ஓர் அரசனின் குணம், ஒரு கோயிலின் உரிமை ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போதோ யாரும் மூலத்தைக் கேட்பதில்லை. 'எங்கே எழுதியிருக்கிறது? யார் எழுதினார்? எப்போது? அவருக்கு அதில் என்ன லாபம்?' என்னும் நான்கு வினாக்களையும் ஒரு முறையாவது தன் கையால் ஓர் ஆதாரத்தினிடம் கேட்டுப் பாராதவனைச் சரித்திரப் பட்டதாரி என்று எப்படி அழைப்பது?

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கையன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பெர்லினில் ராங்கே என்னும் பேராசிரியர், மாணாக்கரைத் தம் வீட்டுக்கே அழைத்து மூலச் சாஸனங்களை முன்வைத்துச் சோதிக்கப் பழக்கினார். அங்கே பயின்றவர்கள் உயர்ந்த ஆராய்ச்சியாளர்கள். சாதாரணப் பட்டத்துக்குப் படிக்கும் சிறுவர்களாலும் இது ஆகும் என்று காட்டியவர் இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையில் இருந்த டௌட் என்பவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் மூல ஆதாரங்களைக் கொண்டு எழுதும் ஆய்வுரையைப் பட்டப்படிப்பின் பகுதியாக்கினார். அது ஒரு தொழிற்பட்டணத்துச் சர்வகலாசாலை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலோ வேறொரு உதாரணம் நினைவுக்கு வருகிறது. சோழர் சரித்திரத்தை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய நீலகண்ட சாஸ்திரியார் சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலையில் எம்.ஏ. பயின்றவர், அக்காலத்தில் கலாசாலை தாம்பரத்துக்கு வந்திருக்கவில்லை. பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழில் எழுதிய சதாசிவ பண்டாரத்தாரோ சரித்திரப் பட்டம் பெற்றவரல்லர். கும்பகோணத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பல வருஷங்கள் தமிழாசிரியராக இருந்தவர். ஊர் ஊராகச் சென்று கல்வெட்டைப் படித்ததே அவருக்குக் கலாசாலை. இவ்விருவரையும் ஒருங்கே மதிக்கத் தெரிந்த நாம், கடைசிப் பரீக்ஷையையும் அதற்கேற்ப அமைத்தல் வேண்டும்.

தாம்பரத்து மாணாக்கனுக்கு ஆதாரம் தேட லண்டன் போக வேண்டியதில்லை. பல்லாவரம் மூன்றாவது ஸ்டேஷன். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூதத்துவ ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு கற்கருவியைப் பொறுக்கியெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனின் ஆராய்ச்சி அதிலிருந்து தொடங்கிற்று. அதே பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகை ஒன்றுண்டு. அதில் அவன் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். ஒரே பாறையில் இரண்டு காலங்களின் பக்தி குடியிருப்பதைச் சண்டை மூட்டாமல் ஆராய்ந்து எழுதக் கற்ற மாணாக்கன், அரசியலுக்கு வந்தால் நாட்டுக்கு எத்தனை உபகாரம்! அருகிலுள்ள திரிசூலத்து மலையில் கல்லுடைத்தவர்களின் சரித்திரத்தை எழுதுவார் இன்னும் வரவில்லை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல்லும் இப்பக்கத்துப் பாறை இனமே என்பதும், அதனாலேயே அக்கல் உலகமெங்கும் 'சார்னோகைட்' என வழங்குகிறது என்பதும் வழியோடு சொல்ல வேண்டியவை.

மேற்கே மணிமங்கலம். நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை அங்கே வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகிறது. அவ்வூர்க் கோயிலின் சோழர் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியர் 1899-ஆம் வருஷத்தில் அச்சிட்டார். அச்சிட்ட பாடத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்றைய சுவரோடு வரி வரியாக ஒப்பிடுவதே ஒரு மாணாக்கனுக்குப் போதிய ஆய்வாகும். எந்த வரி சுண்ணாம்பில் மறைந்தது, எது பொரிந்து போயிற்று என்று குறித்து வைத்தால் பின்வருவோர்க்கும் உதவும். அவ்வளவும் கூடப் பழைய காலமாக இருக்க வேண்டியதில்லை. 1928-ஆம் வருஷத்தில் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய க்ஷயரோக சானடோரியம், 1931-ஆம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மின்சார ரெயில், தோல் பதனிடும் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டை, நைஜீரியாவுக்குக் கைக்குட்டைத் துணி நெய்தனுப்பிய அனகாபுத்தூர்த் தறிகள் ஆகியவையும் சரித்திரமே. அத்தறிகளில் நெய்த கிழவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். கல்வெட்டு இன்னும் நூறு வருஷம் காத்திருக்கலாம். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். எழுத்தாதாரம் வேண்டுவோர்க்கு எழும்பூரில் 1909-ஆம் வருஷம் முதலுள்ள ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எட்டும் தூரத்திலிருக்கின்றன.

ஆகவே நமது யோசனை இது. ஆய்வுரையை எடுக்க வேண்டாம், சிறிதாக்குங்கள். ஐம்பது பக்கம் வேண்டாம், பன்னிரண்டு போதும். ஒருவருக்கு ஓர் ஆதாரம்: ஒரு கல்வெட்டு, ஒரு தஸ்தாவேஜு, ஒரு முதியவரின் வாக்குமூலம். எல்லோருக்கும் அது கட்டாயம். மதிப்பெண் பார்த்துப் பிரிப்பது கூடாது. தலைப்பு, ஆதாரத்தின் பிரதி, முதற்படி, திருத்திய படி என்று நான்கு தவணைகளில் வாங்கினால் கடைசி வாரத்து நகல் கடை வியாபாரம் தானே ஓயும். வாய்மொழித் தேர்வில் அந்த ஆதாரத்தையே மேஜைமேல் வைத்துக் குறுக்கு விசாரணை செய்யட்டும். இயந்திரம் மணிமங்கலத்தைப் பற்றி அழகாக எழுதித் தரலாம். சுவரின் முன் நின்றபோது எந்த எழுத்து ஐயமாயிருந்தது என்று கேட்டால், நின்றவனே விடை சொல்ல முடியும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்க் கல்வெட்டைத் தமிழ் மாணாக்கன் படித்து, தமிழ்ப் பாட்டியிடம் விசாரித்து, முடிவில் பிழை மலிந்த ஆங்கிலத்தில் எழுதுவது என்ன விபரீதம்! நாம் ஆங்கிலத்தில் பயின்றவர்களே. அம்மொழியின்மேல் பகை கொண்டவரல்லோம். விரும்பியவர் அதில் எழுதட்டும். தமிழில் எழுத விரும்பியவனுக்கு ஒரு மதிப்பெண்ணும் குறையாதிருக்க வேண்டும்.

அரசாங்கப் பரீக்ஷைக்குப் படிக்கும் நேரம் இதனால் வீணாகிறது என்று மாணாக்கரே முறையிடுவதையும் கேட்கிறோம். முறையீடு நியாயமானதே, பன்னிரண்டு பக்கம் என்று நாம் கூறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நாளை தாசில்தாராகி நிலப்பத்திரத்தின் முன் உட்காரப் போகிறவனுக்கு, பத்திரத்தை வாசிக்கத் தெரிவது வீண் படிப்பாகுமா? ஆசிரியரின் முறையீட்டுக்கு விடை வேறு. ஆய்வுரையைத் திருத்தும் மணிநேரங்களை அவருடைய போதனை நேரத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். காலியான ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். இது பணச் செலவுள்ள காரியம். செலவில்லாமல் சரித்திரம் கற்பிக்கலாம் என்று எண்ணுவோர்க்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

எழுதியவை கலாசாலை அலமாரியில் கறையானுக்கு உணவாதலும் கூடாது. தாம்பரம் 2021-ஆம் வருஷத்தில் மாநகராட்சியாயிற்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் அடங்கின. அவ்வூர்களைப் பற்றிய நல்ல ஆய்வுரை ஒவ்வொன்றிலும் ஒரு படி அந்தந்த ஊரின் பொது நூல்நிலையத்தில் வைக்கப்படட்டும். புதிய கல்வி வருஷம் ஜூன் மாதத்தில் பிறக்கிறது. அதற்குள் எந்தெந்தக் கோயில் சுவர், எந்தக் காரியாலயத்துப் பழைய தஸ்தாவேஜு, எந்தத் தெருவின் முதியவர் என்று ஒரு பட்டியல் தயாரித்து, சரித்திர வகுப்பின் வாயிலில் ஒட்டிவிடும்படி பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.