மூளையின் இரு பாதிகளும் மனச்சோர்வும்: மேய்ப்புப்பணிக்குச் சில சிந்தனைகள்

மனச்சோர்வு நோய்க்கு ஆளானோரைக் குறித்து நம் சபைகளில் இரு கூற்றுகள் வழங்குகின்றன. விசுவாசக் குறைவே அதற்குக் காரணம் என்பது பழைய கூற்று. வல மூளை ஓங்கி இட மூளை தளர்ந்ததே காரணம் என்பது புதிய கூற்று. முன்னது நோயுற்றவர்மேல் குற்றத்தைச் சுமத்துகிறது; பின்னது அவரைப் பழுதுற்ற இயந்திரமாக்குகிறது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு உள்ளாகிறார். ஆகவே மூளை ஆய்வு மெய்யாகவே கூறுவது யாது என ஆராய்வது நம் கடமையாகும்.

1. ஆய்வாளர் கண்டவை

பேச்சாற்றல் பெரும்பாலும் இடப்பாதியைச் சார்ந்தது என்பதை 1861 முதல் பிரோக்கா நோயாளிகளிடம் கண்ட சான்றுகள் உணர்த்தின. உணர்ச்சியைப் பற்றிய செய்தி பின்னர் வந்தது. இடப்பாதியில் பழுதுற்றோர் பலர் கலங்கி அழுவதையும், வலப்பாதியில் பழுதுற்றோர் பலர் தம் நிலையைப் பொருட்படுத்தாதிருப்பதையும் இத்தாலிய மருத்துவர் கைனாட்டி 1972இல் விவரித்தார். இட முன்மடலில் ஏற்படும் பக்கவாதம் மனச்சோர்வை மிகுவிக்கிறது என 1980களில் ராபின்சன் வாதிட்டார். மனச்சோர்வுடையோரின் இட முன்மடலில் மின்னியக்கம் குறைந்திருப்பதாக டேவிட்சன் முதலியோர் கூறினர். இவற்றிலிருந்தே, மகிழ்ச்சி இடப்பாதிக்கும் துயரம் வலப்பாதிக்கும் உரியவை என்னும் எளிய பாகுபாடு பரவலாயிற்று.

2. பாகுபாட்டின் குறை

எனினும் பிற்கால ஆய்வுகள் இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, பக்கவாதம் எப்பாதியில் நேர்ந்தது என்பதற்கும் மனச்சோர்வுக்கும் உறுதியான தொடர்பைக் காணவில்லை. மின்னியக்க வேறுபாட்டைக் கொண்டு ஒருவருக்கு நோய் உண்டா என முடிவுசெய்யவும் இயலாது. காந்தத் துடிப்புச் சிகிச்சையும் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. இட முன்மடலைத் தூண்டினாலும் பலன் கிடைக்கிறது. வல முன்மடலின் இயக்கத்தைத் தணித்தாலும் பலன் கிடைக்கிறது. அப்படியாயின் நோய் ஒரு பாதியில் மட்டும் குடியிருப்பதன்று.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி இதனை விளக்கத் துணைபுரியும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெசவாளருடன் கரையோரத்தில் ஓர் உதவியாளும் அமர்கிறார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மூளையின் இரு பாதிகளுக்கும் தனித்தனிச் சிறப்புகள் உண்டு. ஆயினும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் அவற்றை இணைக்கின்றன. முகக்குறியையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் உணர்வதில் வலப்பாதி முந்துகிறது. அவற்றைச் சொல்லாக்குவதில் இடப்பாதி முந்துகிறது. உணர்ச்சி என்பதோ இரண்டும் சேர்ந்து நெய்வதாகும்.

3. மூளையும் வாழ்வும்

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் இடப்பாதிப் பக்கவாதத்தால் வலக்கையும் பேச்சும் இழந்தார் என வைத்துக்கொள்வோம். அவர் நாள்தோறும் அழுகிறார். காரணம் மூளையின் புண்ணா? நாடா எறிய இயலாத கையா? முதலாளியிடம் வாங்கிய முன்பணமா? இவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க நம்மால் இயலாது. பக்கவாதத்துக்குத் தப்பியோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு உள்ளாகின்றனர். அவருடைய கண்ணீரை அவிசுவாசம் என்போமாயின், நோயின்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவைப்போம். குற்றவுணர்வு இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

4. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, மனச்சோர்வுடையோர் சலனமற்ற முகத்தையும் துயரமுகமாகக் காணும் இயல்புடையோர். நமது மௌனம் அவர்களுக்குப் புறக்கணிப்பாகத் தோன்றலாம். ஆதலின் நம் அன்பை முகக்குறிப்புக்கு விட்டுவிடாமல் தெளிந்த சொற்களில் கூறுதல் வேண்டும்.

இரண்டாவது, வலப்பாதி பழுதுற்ற ஒருவர் உணர்ச்சியற்ற குரலில் பேசக்கூடும். அதனைக் கடின இருதயம் என எண்ணலாகாது. கண்ணீர் இல்லாமையால் துயரமும் இல்லை என்று கொள்ளாமல், கேட்டறிதல் வேண்டும். சாக விரும்பும் எண்ணம் உண்டா என்றும் வெளிப்படையாகக் கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை.

மூன்றாவது, ஊக்கமின்மை, உறக்கக்கேடு, பசியின்மை முதலியன இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். காஞ்சிக்குக் கிழக்கே சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை உண்டு. மேற்கே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. குடும்பத்தார் நோயாளியுடன் தங்கிப் பேணும் முறையை அது வளர்த்தது. 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். ஜெபத்தைக் காரணங்காட்டி மருந்தை நிறுத்தும்படி நாம் ஒருபோதும் கூறலாகாது.

எபிரேயர் உணர்ச்சியை இருதயத்திலும் சிறுநீரகங்களிலும் வைத்துப் பேசினர். பின்னவற்றையே நம் பழைய மொழிபெயர்ப்பு உள்ளிந்திரியங்கள் என்கிறது. உடலினின்று உள்ளத்தைப் பிரித்தறியாத சிந்தனை அது. சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீருமே; அதுவும் இருமுறை. இங்கு உனக்கு என்ன காரியம் என்னும் கேள்வி ஓரேபில்தான் எழுந்தது. நமது பணியிலும் அவ்வரிசை காக்கப்படுவதாக.