எரிமலைச் சாம்பலும் ஆதிமனிதன் உறைவிடமும்

யாழ்ப்பாணத்தில் கிணறு தோண்டுவோர் செம்மண்ணைக் கடந்ததும் காண்பது சுண்ணாம்புக்கல்லே. பழங்கடலின் அடியிலே மயோசீன் காலத்திற் படிந்து இறுகிய அக்கல்லில் எரிமலைக் குழம்பின் சுவடு யாதும் இல்லை. ஆதலின், எரிமலைக்கும் எமக்கும் யாது தொடர்பு என மாணவர் வினவுதல் இயல்பே. தொடர்பு உண்டு என்பதை இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

1883ஆம் ஆண்டு ஓகத்து 27ஆம் நாள் சுந்தா நீரிணையிலுள்ள கிரகத்தோவா எரிமலை வெடித்தது. அதன் ஓசை இலங்கையிலும் கேட்டது. அடுத்த மாதத்தில் இலங்கையிலும் சென்னையிலும் ஞாயிறு பச்சை நிறமாய்த் தோன்றியதை மக்கள் வியப்புடன் நோக்கினர். வானின் மேலடுக்கிற் பரவிய நுண்டுகள்களே அதற்குக் காரணம். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வெடித்த மலை எம் வானத்தின் நிறத்தையே மாற்றியது.

ஆயினும், ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவில் நிகழ்ந்த தோபா வெடிப்பின் முன் கிரகத்தோவா சிறு பொறியே. தோபா கக்கிய குழம்பின் அளவு ஏறத்தாழ 2,800 கன கிலோமீற்றர் என மதிப்பிடுவர். மலை இடிந்து வீழ்ந்த பள்ளமே இன்று 100 கிலோமீற்றர் நீளமுள்ள தோபா ஏரியாய் விளங்குகின்றது. அதன் சாம்பல் வங்கக் கடலின் அடியிலும், இந்தியாவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும், ஆபிரிக்காவின் மலாவி ஏரியிலும் காணப்பட்டுள்ளது.

இத்தகைய பேரழிவு மனித வாழ்வை எவ்வாறு தாக்கும்? வானிற் சென்ற கந்தக வாயு நுண்டுளிகளாகிக் கதிரவன் ஒளியைத் தடுக்கும், குளிர் மிகும், மழை குன்றும். வீழ்ந்த சாம்பலோ கண்ணாடித் துகள் போன்றது. அது புல்லை மூடும்; மேயும் விலங்கின் பல்லைத் தேய்க்கும்; நீர்நிலையைக் கலக்கும். வேட்டையையே நம்பி வாழ்ந்தோர்க்கு இவையனைத்தும் உணவுக் கேடாகும். இவற்றை எண்ணியே, மனித இனம் அக்காலத்தில் அழிவின் விளிம்பை எட்டிச் சில ஆயிரவராய்க் குறுகியது என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் இசுத்தான்லி அம்புறோசு 1998இல் விரித்துரைத்தார். கருத்துக் கவர்ச்சியானது, உலகெங்கும் பரவியது.

ஆயின், நிலத்தை அகழ்ந்தபோது கிடைத்த விடை வேறாயிற்று. ஆந்திர நாட்டிலே, எர்ரமலைக் குன்றுகளை அடுத்த சுர்ரேறு ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுவாலாபுரம் என்னும் ஊர் உண்டு. அங்கே சாம்பற் படை சில இடங்களில் 2.5 மீற்றர் அளவுக்குத் திரண்டுள்ளது. மைக்கல் பெற்றாக்கிலியா, இரவி கொரிசெட்டர் முதலியோர் அப்படைக்குக் கீழும் மேலும் கற்கருவிகளைக் கண்டனர். இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன என 2007இல் அறிவித்தனர். மத்திய இந்தியாவின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள தாபா என்னும் இடத்திலும் கருவித் தொடர்ச்சி அறவில்லை என 2020இல் வெளியான ஆய்வு கூறிற்று. அக்கருவிகளைச் செய்தோர் யாவர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மனித எலும்பு அங்கே கிடைத்திலது. எனினும், மக்கள் முற்றாக மாய்ந்திலர் என்பதற்கு அக்கற்களே சாட்சி.

குன்றுசார்ந்த நிலம் அவர்க்கு எங்ஙனம் துணையாயிற்று? மழை சரிவிலுள்ள சாம்பலைக் கழுவிப் பள்ளத்தே சேர்க்கும். சுவாலாபுரத்துச் சாம்பற் படை தடித்திருப்பதும் இவ்வாறே. ஆகவே சரிவு முதலில் தெளியும். ஊற்று நீர் கிடைக்கும். பாறை ஒதுக்குகள் புகலளிக்கும். மேலும், மலைப்புறத்தில் நடந்து செல்லும் தூரத்துக்குள்ளேயே பல்வகை உணவு கிட்டும். ஒன்று பொய்ப்பின் மற்றொன்றை நாடலாம். ஓரிடத்தையோ ஓர் உணவையோ மட்டும் பற்றிநில்லாமையே அவர்தம் காப்பாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இனி எம் நாட்டை நோக்குவோம். தோபா வெடித்த காலத்தில் கடல்மட்டம் இன்றையிலும் பல பத்து மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழங் குறைந்த பாக்கு நீரிணை அன்று நடந்து கடக்கும் நிலமாயிருந்தது; இலங்கையும் இந்தியாவும் ஒரே தரை. வன்னியிலுள்ள இரணைமடுவின் பெயரால் வழங்கும் பரற்கல், மணற் படிவுகளை ஆராய்ந்த சிரான் தெரணியாகல, அவ்வினப் படிவுகளிற் கிடைத்த சான்று கொண்டு ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவில் மக்கள் உறைந்தனர் என்றார். மலைநாட்டின் தென்மேற்கு அடிவாரத்து மழைக்காட்டிலுள்ள பாகியன் குகையிலோ ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர். எலும்பிற் கூர்முனைகளும் சிறுகற்கருவிகளும் செய்தனர். இவ்விரு சான்றுகளுக்கும் நடுவே நிற்பது தோபா. அந்நெடிய இடைக்காலத்தில் இத்தீவின் மக்கள் நிலைத்தனரா, மாய்ந்தபின் புதியோர் வந்தனரா என்பது இளைஞர் ஆராய வேண்டிய வினா.

அவ்வினாவுக்கு விடை பகரும் ஏடு மண்ணே. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வு, ஒரு சிறு நிலத்துண்டு எத்துணைப் பழமையைக் காத்துவைக்கும் என்பதை எமக்கு உணர்த்திற்று. கல்லுடைத்தலாலும் மணலகழ்தலாலும் அழிந்த படை மீள உருவாகாது. ஓர் ஏட்டைக் கிழித்தவன் பிறிதோர் ஏடு எழுதலாம். கலைந்த மண்படையை எவரும் மீள அடுக்கவியலார்.

ஆதலின், பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்றே. கிணறோ அத்திவாரமோ வெட்டுங்கால் சிப்பிக் குவியலோ, உடைந்த ஓடோ, கையால் உடைத்த கல்லோ தென்படின், அதனை எறியற்க. இருந்த ஆழத்தைக் குறித்துத் தொல்பொருளறிந்தோர்க்கு அறிவியுங்கள். கவர்ச்சியான கொள்கையைத் திருத்தியது சுவாலாபுரத்துச் சிறு கல். அத்தகைய கல்லொன்று எம் காலடியிலும் கிடத்தல் கூடும்.