செம்பு யார் கணக்கில்?

உலகிலேயே மிகுதியாகச் செம்பு தோண்டும் நாடு தென் அமெரிக்காவின் சிலி. அங்கே ஒரு டன் செம்பு பெற 100 டன்னுக்கும் மேற்பட்ட பாறையை உடைக்கின்றனர். செம்பு கப்பலேறிச் செல்வ நாடுகளை அடைகின்றது. அரைத்த கழிவோ சிலியிலேயே குவிந்து கிடக்கின்றது.

ஒரு நாடு செலவிடும் மூலப்பொருளை அளக்கும் பழைய முறை, உள்நாட்டில் தோண்டியதோடு இறக்குமதியின் எடையைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழிக்கும். எனவே வாங்கிய நாட்டின் ஏட்டில் ஏறுவது ஒரு டன் மட்டுமே. எஞ்சியதெல்லாம் சிலியின் தலையில்! அடுத்த வீட்டு அடுப்பில் சமைத்ததை வாங்கி உண்டுவிட்டு, நம் வீட்டில் விறகே செலவாகவில்லை என நாம் சொல்வதற்கு ஒப்பாகும் இது.

பொருளை இறுதியில் நுகர்பவர் எவரோ, அவர் பெயரிலேயே தோண்டியது முழுவதையும் எழுதுவது புதிய முறை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் தாமஸ் வீட்மனும் அவர்தம் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 186 நாடுகளை இவ்வாறு அளந்தனர். 2008-இல் உலகில் எடுக்கப்பட்ட மூலப்பொருளில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு, பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதற்காகவே எடுக்கப்பட்டதாம். செல்வம் பெருகியும் மூலப்பொருளைச் சிக்கனமாகவே செலவிடுகிறோம் என்ற வளர்ந்த நாடுகளின் பெருமை, இக்கணக்கின் முன் நிற்கவில்லை.

ஐக்கிய நாடுகள் சபை தன் வளர்ச்சி இலக்குகளில் புதிய அளவையை ஏற்றுள்ளது, பழையதையும் கைவிடவில்லை.