புல்லை அடக்கும் தேயிலை: அன்றும் இன்றும்

அக்கரப்பத்தனை மலைகளில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், ஒரு புல் தலைகாட்டினாலும் கங்காணிக்கு ஏச்சு விழும். ஏக்கருக்கு மாதம் இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசி, சுரண்டியால் நிலத்தைச் செதுக்கித் தள்ளினார்கள். மலை பளிச்சென்று இருந்தது. ஆனால் புல்லோடு மேல்மண்ணும் பெயர்ந்து, மழை வெள்ளத்தில் கொத்மலை ஓயாவுக்குப் போனது.

அன்றிருந்தது விதைத் தேயிலை. ஒன்று அகலப் படரும். பக்கத்துச் செடி குச்சியாகவே நிற்கும். நாலடிக்கு நாலடி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 2,700 செடிகள்தான். இடைவெளியெல்லாம் வெயில், வெயில் பட்ட இடமெல்லாம் புல்.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டி.ஆர்.ஐ.), தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருந்துகொண்டு இதை மாற்றியது. நல்ல தாய்ச்செடிகளைத் தேர்ந்து, ஓர் இலையுள்ள தண்டுத் துண்டுகளிலிருந்து ‘வீ.பீ.’ தேயிலையைப் பரப்பியது. மலைநாட்டில் பேர்போன டி.ஆர்.ஐ. 2025 அப்படி வந்த ரகம். விளைச்சலுக்காகத் தேர்ந்தவைதான். ஆனால் நாலடிக்கு இரண்டடி நட்டு, ஒரே மட்டமாகப் படர்ந்தபோது நிழலும் கூடவே வந்தது. நன்றாக மூடிய வீ.பீ. மலையில் வாதுகளை விலக்கிப் பாருங்கள்: அடியில் காய்ந்த சருகுதான் கிடக்கும். நாலு எட்டு தள்ளி, செடி செத்த வெற்றிடத்தில் இடுப்பளவு புல்லும் அட்டையும்.

கோதுமையின் கதை இதற்கு நேர்மாறு. பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்கள் மணியைப் பெருக்கின. நெடிய பழைய ரகங்கள் தந்த நிழல் போயிற்று. களைக்கொல்லிக்கு மடங்காத ரைகிராஸ் புல் பெருகிய ஆஸ்திரேலியாவில், முளைத்ததும் அகன்ற இலை விரித்துக் களையை அமுக்கும் கோதுமையை இப்போது விஞ்ஞானிகள் உருவாக்கிவருகிறார்கள்.

இங்கே நாமும் மருந்தை நம்பினோம். 2015இல் கிளைபோசேட் களைக்கொல்லி தடையானது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப வந்தது; 2021இல் இரசாயனத் தடை மீண்டும் அடித்தது. இதற்கிடையில் இளசுகள் கொழும்புக்குப் போய்விட, புல்லு வெட்ட ஆளில்லை. ‘மலை காடாகிப் போச்சு’ என்பது இன்று லயங்களில் அன்றாடப் பேச்சு. அந்தக் காட்டுக்குள் நுழைந்துதான் கொழுந்து எடுக்கிறவள் தன் கிலோக் கணக்கை நிரப்ப வேண்டும். குளவிக்கும் அட்டைக்கும் ஈடுகொடுப்பவளும் அவளே.

மருந்து வரும், போகும். செத்த செடியின் இடத்தில் புதுக்கன்று வைக்காத மலையில் எந்த மருந்தும் நிலைக்காது. கவாத்து முடிந்ததும் வெட்டிய வாதுகளை நிலத்திலேயே பரப்பி, மழையோடு வெற்றிடங்களில் படரும் ரகக் கன்றுகளை நடுங்கள். தோட்ட நிர்வாகங்கள் களைச் செலவில் ஒரு பங்கை நாற்றுமேடைக்குத் திருப்பட்டும்.