அறியா வினா

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். தான் அறிந்த பொருளையே, பிறன் அறிவானோ என்று சோதித்தற்குக் கேட்பது அறிவினா. அறியாத பொருளை அறியும் ஆவலாற் கேட்பது அறியா வினா. ஆசிரியர் மாணாக்கனை வினவுவது முன்னையது. மாணாக்கன் ஆசிரியரை வினவுவது பின்னையது. எமது வகுப்பறைகளில் நாள்தோறும் ஒலிப்பது இவ்விரண்டில் எது? பரீட்சை வினாத்தாள் முழுவதும் அறிவினாவே அன்றோ! அறியா வினாவோ இலக்கணப் புத்தகத்தில் ஒரு வரைவிலக்கணமாக மட்டும் வாழ்ந்துவருகிறது.

இதனைப் பிறர்மேற் குற்றமாகச் சுமத்த நாம் முன்வரவில்லை. எம்மிடத்திலேயே ஒரு குற்றம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை ஒரு வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். அறியா வினாவுக்கு ஓர் உதாரணம் கூறுமாறு கேட்டபோது, பின்வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்தான். "சேர், நிலாவரைக் கிணற்றிலே மேலே நல்ல தண்ணீராம், அடியிலே உப்புத் தண்ணீராம். இரண்டும் ஏன் கலந்துபோகவில்லை?" என்றான். வகுப்புச் சிரித்தது. நாமும், "இது தமிழ்ப் பாடம். புத்தகத்திலுள்ள உதாரணத்தைச் சொல்" என்று அதட்டி அவனை இருத்திவிட்டோம். விடை எமக்குத் தெரியாது. அதை மறைக்கவே அதட்டினோம் என்பதே உண்மை. உயிருள்ள அறியா வினா ஒன்று எம்முன் எழுந்து நின்றபோது, அதன் இலக்கணத்தைக் கற்பித்த நாமே அதனை இனங்காணவில்லை. அவ்வாண்டு முடியும்வரை அச்சிறுவன் மறுபடி கையுயர்த்தவில்லை.

அதட்டப்படாத வினா எவ்வாறு வளரும் என்பதற்குத் திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சி. வி. இராமனின் வாழ்வு சான்றாகும். 1921ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய அவர், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். கடல் ஏன் நீலமாயிருக்கிறது? சிறு பிள்ளையும் கேட்கும் கேள்வி இது. வானத்தின் நீலமே கடலிற் பிரதிபலிக்கிறது என்று றேலிப் பிரபு என்னும் பேரறிஞர் முன்னரே விடை கூறியிருந்தார். இராமனோ தம்மிடமிருந்த சிறு பட்டகம் ஒன்றினூடாகக் கடலை நோக்கினார். நீர்ப்பரப்பிலிருந்து தெறித்துவரும் ஒளியை அப்பட்டகம் தடுத்துவிடும். வானத்தின் சாயல் மறைந்தும் நீலம் மறையவில்லை! நீர் தானே ஒளியைச் சிதறச்செய்கிறது என்று அவர் துணிந்தார். நீர் செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் இந்நீலத்துக்குக் காரணம் என்பதை இன்று அறிவோம். ஆயினும் அவ்வினா அவரை விடவில்லை. கல்கத்தாவில் மாணாக்கரோடு ஏழு ஆண்டுகள் ஒளிச் சிதறலை ஆராய்ந்தார். 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, இராமன் விளைவு எனப்படும் உண்மை வெளிப்பட்டது. 1930இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

எல்லாப் பிள்ளைகளும் இராமனாவதில்லை என்பீர்கள். மெய்தான். ஆனால் வினாவின் பயன் பரிசில் மட்டுமா இருக்கிறது?

சென்ற பாடசாலை விடுமுறையில் எமது மகளை நிலாவரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வானரப் படையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய கிணறு என்னும் ஐதிகத்தைக் கூறினோம். அவள் கேட்டு மகிழ்ந்தாள். பின்னர், அன்று அச்சிறுவன் கேட்ட அதே வினாவைக் கேட்டாள்! "பேசாமல் வா, பிள்ளை" என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. அவன் முகம் நினைவில் எழுந்தது. "அப்பாவுக்கும் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்றோம்.

கண்ணாடிக் குவளையொன்றில் உப்பை நிறையக் கரைத்து, ஒரு துளி நீல மை கலந்தோம். அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகு வழியே மெல்ல ஊற்றினாள் மகள். நீலம் கீழும் தெளிவு மேலுமாக இரண்டும் பிரிந்து நின்றன. நூல்களையும் புரட்டினோம். ஒரு லீற்றர் நன்னீர் 1,000 கிராம் எனின், அதே அளவு கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராம் நிறையுடையது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கும் மழைநீர், பாரமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கலக்குவார் இல்லாதவிடத்து இரண்டும் மிக மெதுவாகவே கலக்கும்.

மகள் குவளையைப் பார்த்தபடியே, "அப்படியென்றால், மேலேயுள்ள நல்ல தண்ணீரை நிறைய இறைத்தால் உப்புத் தண்ணீர் மேலே வந்துவிடுமோ, அப்பா?" என்றாள்.

நாம் திகைத்துப்போனோம். குடாநாட்டின் விவசாயிகளையும் நீரியல் அறிஞரையும் வருத்தும் கேள்வி அது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது அறிஞர் கணக்கு. மேலே 1 அடியை இழந்தால், காலப்போக்கிற் கீழே 40 அடியை இழக்க நேரும். கரையோரக் கிணறுகள் சில உவர்ப்பதன் காரணம் இதனால் விளங்கும். இதனை எவரும் அவளுக்குப் போதிக்கவில்லை. ஒரு வினாவை மதித்தோம்; அது அதனினும் பெரிய வினாவை ஈன்றது. புதியன படைக்கும் ஆற்றல் இவ்வாறன்றோ பிறக்கிறது!

பெற்றோரே, புலமைப்பரிசிற் பரீட்சையும் வேண்டும். தனியார் வகுப்பும் வேண்டியிருக்கலாம். ஆனால், பிள்ளை கேட்கும் வினாவுக்கு நாளில் அரை நாழிகையேனும் ஒதுக்குங்கள். விடை தெரியாவிடின் "தெரியாது" என்று சொல்ல நாணாதீர்கள். தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். குவளையும் உப்பும் இல்லாத வீடு எது? மாணவர்களே, நும் வினாவைக் கேட்டு வகுப்புச் சிரித்தாலும் வினாவைக் கைவிடாதீர்கள். ஒரு கொப்பியிலேனும் எழுதி வையுங்கள்.

பின்வாங்கிலிருந்த அச்சிறுவன் இன்று வளர்ந்து எங்குள்ளானோ, அறியோம். இப்பத்திரிகை அவன் கையிற் கிடைக்குமாயின், அன்று அவன் கூறியதே மிகச் சிறந்த உதாரணம் என்பதையும், அதற்குரிய விடையை இத்தனை ஆண்டுகள் அவனுக்குக் கடன்பட்டிருந்தோம் என்பதையும் அறிந்துகொள்வானாக.